வன்னித் தரவும் கணினிவழிப் புள்ளிவிபரவியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், திணைக்களங்களில் மழை, நோய், விளைச்சல் தரவுகளோடு மாரடிக்கும் உத்தியோகத்தர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம். முறைகள் உலகெங்கும் ஒன்றுதான். உதாரணங்கள் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்குரியவை.

கணினிவழிப் புள்ளிவிபரவியலில் ஆய்வு செய்யும் கணிதவியலாளரின் வேலை என்ன?

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: டிசெம்பர் 31க்கு முன் இரணைமடுக் குளம் வான் பாய்வதற்கு, அதாவது நிரம்பி வழிவதற்கு, நிகழ்தகவு என்ன? எந்த நாளில் எவ்வளவு மழை பெய்யும், அதில் எவ்வளவு கனகராயன் ஆற்றோடு குளத்துக்கு வந்துசேரும், எவ்வளவு ஆவியாகும், காலபோகத்துக்கு எவ்வளவு திறந்துவிடப்படும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பரம்பல் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தால் வருவது நூற்றுக்கு மேற்பட்ட மாறிகளில் ஒரு தொகையீடு. அதைக் கையால் தீர்க்க முடியாது. ஆயிரக்கணக்கான செயற்கை மாரிகளைக் கணினியில் ஓடவிட்டு, எத்தனையில் குளம் வான் பாய்ந்தது என்று எண்ணவேண்டும். இதுதான் மொன்டே காலோ முறை. மெட்ரோபோலிசும் உலாமும் 1949இல் அந்தப் பெயரிலேயே கட்டுரை எழுதினார்கள்.

எண்ணுவதற்கு ஒரு நல்ல புரோகிராமர் போதும். கிடைத்த விடை உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கலாம், ஓட்டங்களைக் கூட்டினால் விலகல் என்ன வேகத்தில் குறையும் என்று நிறுவுவதுதான் கணிதவியலாளரின் பங்கு. சாதாரண மொன்டே காலோவில் வழு, ஓட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு விகிதமாகக் குறையும். உண்மை நிகழ்தகவு 0.3 என்றால் 10,000 ஓட்டங்களில் நியம வழு ஏறத்தாழ 0.0046. இன்னும் ஒரு தசமதானம் திருத்தமாக வேண்டுமென்றால் 100 மடங்கு ஓட்டம் தேவை. அரிய நிகழ்வுகளில் நிலைமை இன்னும் மோசம். 10,000இல் ஒரு தடவை நடக்கக்கூடிய அணைக்கட்டு உடைப்பை 10,000 ஓட்டங்களில் தேடினால், ஒன்றுகூட அகப்படாமல் போவதற்கு 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கனமழை மாரிகளை வேண்டுமென்றே கூடுதலாக உருவாக்கி, பின்னர் ஒவ்வொன்றையும் உரிய நிறையால் திருத்தும் முறைகள் இதற்காகத்தான் வந்தன. அந்த நிறைகளில் ஒன்றிரண்டே மொத்தத்தையும் விழுங்கிவிட்டால் விடை பயனற்றது. அது எப்போது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் தேற்றங்கள் இன்றும் ஆய்வுப் பொருள்தான்.

தரவு அறிவியல் என்பதும் இதுதானா?

பாதி. தரவைச் சேர்ப்பது, துப்புரவாக்குவது, சேமிப்பது, காட்சிப்படுத்துவது எல்லாம் தரவு அறிவியலுக்குள் வரும். கணினிவழிப் புள்ளிவிபரவியல் அதன் நடுவிலுள்ள கணக்கு. நேரத்தில் பெரும்பகுதியை முதற்பாதி தின்றுவிடும் என்பதை மட்டும் தொடக்கத்திலேயே தெரிந்துவைத்திருங்கள்.

பல்கலைக்கழக அனுமதியின் இசட் புள்ளி எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து இது எவ்வளவு தூரம்?

இசட் புள்ளிக்கு இரண்டே எண்கள் போதும்: இடையும் நியம விலகலும். பரீட்சைப் புள்ளிகள் ஓரளவு மணி வடிவில் பரம்பியிருப்பதால் அது ஓடுகிறது. வன்னியின் நாள் மழையை அப்படிக் கையாள முடியாது. வருடத்தில் அரைவாசிக்கு மேற்பட்ட நாட்களில் மழையே இல்லை. ஆகவே நாள் மழையின் இடையம் 0. மீதி நாட்களில் பெரும்பாலும் சிறு தூறல், எப்போதாவது ஒரே நாளில் கொட்டும் பெருமழை. இந்தத் தொடருக்கு இடையும் நியம விலகலும் எடுத்துச் செவ்வன் பரம்பலைப் பொருத்தினால் எதிர்க்கணிய மழை வரும்.

அப்படியானால் நாள் மழைக்கு எப்படி மாதிரியுரு கட்டுவது?

இரண்டு படியாக. முதலில் மழை பெய்ததா இல்லையா என்பதற்கு இரு நிலை மார்க்கோவ் சங்கிலி. நேற்று மழை என்றால் இன்றும் மழை பெய்வதற்கு ஒரு நிகழ்தகவு, நேற்று வெயில் என்றால் இன்னொன்று. கேப்ரியலும் நியூமனும் 1962இல் டெல் அவிவ் மழைக்குப் பயன்படுத்திய இந்த அமைப்பு இன்னும் நின்றுபிடிக்கிறது. அடுத்து, மழை நாளில் எவ்வளவு என்பதற்குக் காமாப் பரம்பல். பரமானங்களை, அதாவது மாதிரியுருவின் வடிவைத் தீர்மானிக்கும் எண்களை, மாதத்துக்கு மாதம் தனித்தனியே மதிப்பிடவேண்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான வடகீழ்ப் பருவத்தையும் ஆடி மாத வறட்சியையும் ஒரே பரமானத்தில் அடைத்தால் இரண்டும் கெட்டுவிடும்.

வழக்கமாகப் பிழைக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, நவம்பர், டிசெம்பரில் வங்காள விரிகுடாத் தாழமுக்கம் கொண்டுவரும் மழைக்குக் காமாவின் வால் மெல்லியது, அதாவது பெருமழைக்கு அது தரும் நிகழ்தகவு போதாது. ஒரு வாயில் அளவைத் தெரிந்து, அதற்கு மேற்பட்ட மழைக்குப் பொதுமைப்படுத்திய பரேற்றோப் பரம்பலைப் பொருத்துங்கள். வாயிலைச் சற்று மேலும் கீழும் நகர்த்தி வடிவப் பரமானம் நிலையாக இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். இரண்டு, இப்படி உருவாக்கிய செயற்கை வருடங்கள் ஒன்றுக்கொன்று அளவுக்குமீறி ஒத்திருக்கும். உண்மையில் ஒரு மாரிக்கும் அடுத்த மாரிக்கும் உள்ள வேறுபாடு அதைவிடப் பெரிது. மாத மொத்தங்களின் மாறற்றிறனை (நியம விலகலின் வர்க்கம்) உண்மைத் தரவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது உடனே தெரியும். எல் நினோ போன்ற ஒரு வெளி மாறியைச் சேர்த்தால் ஓரளவு சரிவரும். மூன்றாவதுதான் அதிகம் கவனிக்கப்படாதது. முத்தையன்கட்டுக் குளத்துக்கும் வவுனிக்குளத்துக்கும் தனித்தனியே மழை உருவாக்கினால், இரண்டும் ஒரே நாளில் வான் பாயும் நிகழ்தகவு மிகக் குறைவாகத் தெரியும். நிலையங்களுக்கிடையிலான இணைபை, அதாவது அவற்றின் மழை சேர்ந்தே கூடிக் குறையும் அளவை, மாதிரியுருவுக்குள் கொண்டுவராமல் வெள்ள அபாயத்தைப் பற்றி எதுவும் சொல்லவேண்டாம்.

போர்க்காலத்தில் பதிவுகள் அறுந்துபோயிருக்கின்றன. அந்த வருடங்களை விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்கலாமா?

எதைக் கணக்குப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புள்ளிவிபரவியலாளர் ரூபின் 1976இல் வகுத்த பிரிவினை இங்கே நேரடியாக உதவும்: தரவு இல்லாமல் போனதற்கான காரணம், அந்தத் தரவின் பெறுமதியோடு தொடர்புடையதா?

மழையை எடுங்கள். மழைமானியை வாசிப்பவர் இடம்பெயர்ந்ததற்கும் அந்த வருடம் மழை கூடியதற்கும் தொடர்பில்லை. ஆகவே வருட அளவில் அந்த இடைவெளி பெரிய பக்கச்சார்பைத் தராது. தகவல் குறையும், நம்பிக்கை ஆயிடை (உண்மைப் பெறுமதி கிடக்கக்கூடிய கீழெல்லை மேலெல்லை) விரியும், அவ்வளவுதான். நாள் அளவில் கவனம் தேவை. பெருவெள்ள நாளில் மானி நிரம்பி வழிந்தாலோ, வீதி மூடப்பட்டு வாசிக்கப் போகமுடியாமல் விட்டாலோ, பெறுமதி பெரிதாக இருந்த காரணத்தாலேயே காணாமற் போயிருக்கிறது. அந்த வெற்றிடத்தை மற்ற நாட்களைக் கொண்டு நிரப்பினால் வெள்ளம் ஏட்டிலிருந்தே மறைந்துவிடும்.

மக்கள் பற்றிய தரவில் நிலைமை தலைகீழ். 1981க்குப் பின் வன்னி முழுவதையும் எண்ணிய அடுத்த குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. 2001இல் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கணக்கெடுப்பை நடத்த முடியவில்லை. வவுனியா, மன்னாரில் பகுதியாகவே நடந்தது. பதிவு அறுந்ததற்கும் சனத்தொகை மாறியதற்கும் காரணம் ஒன்றே: போரும் இடப்பெயர்வும். 1981ஐயும் 2012ஐயும் ஒரு நேர்கோட்டால் இணைத்து 1996க்கோ 2009க்கோ சனத்தொகை கண்டுபிடித்து, அதைப் பகுதியெண்ணாகப் போட்டு நோய் வீதம் கணித்த அட்டவணைகளைக் காணும்போது, வகுத்தல் சரி, வகுத்த எண் கற்பனை என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. இத்தகைய வருடங்களுக்கு ஒற்றை எண் கொடுக்காதீர்கள். உலருணவு நிவாரணப் பட்டியல், பாடசாலைச் சேர்வு, வாக்காளர் இடாப்பு போன்ற வேறு மூலங்களை ஒவ்வொன்றின் பக்கச்சார்போடும் சேர்த்து, கீழெல்லை மேலெல்லையாகக் கொடுங்கள்.

இடைவெளியை நிரப்பத்தான் வேண்டுமென்றால்?

இடைப்பெறுமதியால் நிரப்பாதீர்கள். 20 சதவீத இடங்களை இடையால் நிரப்பினால் மாறற்றிறன் ஏறத்தாழ 0.8 மடங்காகச் சுருங்கும். அதன்மேல் எழுப்பும் எல்லா ஆயிடையும் பொய்யாக ஒடுங்கும். பல்நிரப்பல் முறைக்குப் போங்கள்:

1. அயல் நிலையங்கள், மாதம், செய்மதி மழை ஆகியவற்றைக் கொண்டு, இல்லாத ஒவ்வொரு பெறுமதிக்கும் ஒரு பரம்பல் காணுங்கள்.
2. அந்தப் பரம்பலிலிருந்து எழுமாறாக எடுத்து, 20 முழுமையான தரவுத் தொகுதிகள் செய்யுங்கள்.
3. ஒவ்வொன்றிலும் உங்கள் பகுப்பாய்வைத் தனித்தனியே ஓட்டுங்கள்.
4. 20 விடைகளின் இடையே இறுதி மதிப்பீடு. மொத்த மாறற்றிறன் காண, தொகுதிகளுக்குள் உள்ள மாறற்றிறன்களின் இடையோடு, தொகுதிகளுக்கிடையிலான மாறற்றிறனின் 1.05 மடங்கைக் கூட்டுங்கள். 1.05 என்பது 1 சக 20இல் 1.

செய்மதி மழைக்கு 1981 தொடக்கம் கிடைக்கும் சிர்ப்ஸ் தொகுப்பு இலவசம். அதன் கட்டம் 0.05 பாகை, ஏறத்தாழ 5.5 கிமீ. ஒரு கட்டம் முழுவதன் சராசரி என்பதால் உச்ச மழையைத் தட்டையாக்கும், சிறு மழையைப் பரப்பிவிடும். மானிப் பதிவும் செய்மதிப் பதிவும் சேர்ந்திருக்கும் வருடங்களில் இரண்டின் பரம்பலையும் ஒப்பிட்டுத் திருத்தியபின்னரே இடைவெளிக்குள் பயன்படுத்தவேண்டும். போருக்குப் பின் மானி வேறிடத்தில் நிறுவப்பட்டிருந்தால், பெயர் ஒன்றாக இருந்தாலும் அதை வேறு நிலையமாகவே கொள்ளுங்கள். அயல் நிலையத்தின் திரள் மழைக்கு எதிரே இதன் திரள் மழையை வரைந்தால், கோடு முறியும் இடத்தில் மாற்றம் நடந்திருக்கிறது.

ஏட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும்போது என்னென்ன கெட்டுப்போகும்?

வெற்றிடமும் 0ம் கலப்பதுதான் முதற் கேடு. மழை இல்லாத நாளுக்குச் சிலர் கோடு போடுவார்கள், சிலர் ஒன்றும் எழுதமாட்டார்கள். வாசிக்காத நாளும் அப்படியே கிடக்கும். சனி, ஞாயிறு வெறுமையாகவும் திங்கள் பெரிதாகவும் அடிக்கடி இருந்தால், அது மூன்று நாள் மழை. கிழமை நாள் வாரியாக இடை எடுத்துப் பார்த்தால் பிடிபடும். மேகத்துக்குத் திங்கட்கிழமை தெரியாது.

காலை 8.30க்கு வாசிக்கும் அளவு, அதற்கு முந்தைய 24 மணிநேரத்துக்குரியது. ஒரு நிலையம் வாசித்த திகதியையும் இன்னொன்று பெய்த திகதியையும் எழுதியிருந்தால் இரண்டுக்கும் இணைபு திடீரென விழுந்துவிடும். ஒரு நாள் நகர்த்திப் பார்த்து இணைபு ஏறினால் சிக்கல் அங்கேதான். அங்குலத்தில் எழுதிய பழைய பதிவுகளை 25.4ஆல் பெருக்குங்கள். குளத்துக் கொள்ளளவு ஏக்கர் அடியில் இருந்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,233.5 கன மீற்றர். எக்செல் 05/11ஐ மே 11 என்று எடுத்துக்கொண்டால், நவம்பர் மழை வைகாசி வெயிலுக்குள் போய் விழும். மாதவாரியாக ஒரு படம் வரைந்தால் போதும், வன்னியில் பிறந்த எவருக்கும் அது கண்ணில் குத்தும்.

"100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்றால் இனி 100 ஆண்டுக்கு வராதா?

எந்த வருடத்திலும் வருவதற்கு 1 சதவீத நிகழ்தகவு உண்டு என்பதே அதன் பொருள். 30 வருடத்துக்குள் ஒரு தடவையாவது வருவதற்கு நிகழ்தகவு 1 கழி 0.99இன் 30ஆம் அடுக்கு, அதாவது 0.26. வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தின் பின் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

30 வருடப் பதிவை வைத்து 100 வருட அளவைச் சொல்வது, கண்ட எல்லைக்கு வெளியே கோட்டை நீட்டுவது. வருட உச்சங்களுக்குப் பொதுமைப்படுத்திய உச்சப் பெறுமானப் பரம்பலைப் பொருத்துங்கள். ஆயிடையைச் சமச்சீராக எடுக்காமல் நிகழ்தன்மைச் சார்பின் வெட்டுமுகத்திலிருந்து, அதாவது ஒவ்வொரு பெறுமதியோடும் தரவு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்த்து, எடுங்கள். மேலெல்லை கீழெல்லையைவிட மிகத் தொலைவில் போய் நிற்கும். பாலம் கட்டுபவருக்கு வேண்டியது அந்த மேலெல்லைதான்.

ஆயிடைக்குப் பூட்ஸ்ட்ராப் போதாதா?

எஃப்ரன் 1979இல் தந்த முறை எளிது. உள்ள தரவிலிருந்தே, எடுத்ததைத் திரும்பப் போட்டபடி அதே அளவு மாதிரியை மீண்டும் மீண்டும் எடுத்து, மதிப்பீடு எப்படி ஆடுகிறது என்று பார்க்கலாம். இடைக்கும் இடையத்துக்கும் நன்றாக ஓடும். உச்சத்துக்கு ஓடாது: மறுமாதிரிகளில் 63 சதவீதத்தில் அதே பழைய உச்சமே திரும்ப வரும், அதைத் தாண்டிய ஒன்று ஒருபோதும் வராது. நாள் மழைத் தொடரில் நாட்களைத் தனித்தனியே எடுத்தாலும் பிழை, ஏனென்றால் மழை நாட்கள் கூட்டமாக வருபவை. அடுத்தடுத்த நாட்களைத் துண்டாக எடுங்கள். பருவம் கலையாமலிருக்க முழு வருடங்களையே துண்டாக எடுப்பது இன்னும் பாதுகாப்பு.

சிறிய பிரிவுகளில் டெங்கு வீதம் ஒரு வருடம் எகிறுகிறது, அடுத்த வருடம் விழுகிறது. உண்மையா?

பெரும்பாலும் எண்ணிக்கை சிறிதாக இருப்பதன் ஆட்டம். 2,000 பேர் உள்ள பிரிவில் இவ்வருடம் 2 நோயாளர், அடுத்த வருடம் 4 என்றால் வீதம் இரட்டிப்பு. இத்தகைய எண்ணிக்கைகளுக்குரிய புவாசோன் பரம்பலில் அந்த வேறுபாட்டுக்கு அர்த்தமே இல்லை. பிரிவுகளைத் தரவரிசைப்படுத்தினால் உச்சியிலும் அடியிலும் சின்னப் பிரிவுகளே நிற்கும். படிநிலை மாதிரியுரு ஒவ்வொரு பிரிவின் வீதத்தையும் மாவட்டப் போக்கை நோக்கி இழுக்கும். தரவு குறைந்த பிரிவைக் கூடுதலாகவும், நிறைந்ததைக் குறைவாகவும் இழுக்கும்.

இதைக் கணிக்க மார்க்கோவ் சங்கிலி மொன்டே காலோ வேண்டும்: ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அடுத்ததை எழுமாறாக எடுத்துப் பரம்பலுக்குள் உலவும் சங்கிலி. மெட்ரோபோலிசும் கூட்டாளிகளும் 1953இல் பௌதிகவியலுக்காகச் செய்ததை 1970இல் ஹேஸ்டிங்ஸ் பொதுமைப்படுத்தினார். கெல்ஃபான்டும் ஸ்மித்தும் 1990இல் எழுதிய பின்னரே புள்ளிவிபரவியலாளர் எல்லோரும் அதைக் கையில் எடுத்தனர். இன்று ஸ்டான் போன்ற இலவச மென்பொருள் சங்கிலியைத் தானே ஓட்டும். சரிபார்ப்பது உங்கள் கையில். வெவ்வேறு தொடக்கப் புள்ளிகளிலிருந்து 4 சங்கிலி ஓட்டுங்கள். சங்கிலிகள் ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் ஆர்-ஹாட் 1.01க்குக் கீழேயும், சங்கிலி எத்தனை சுயாதீன மாதிரிகளுக்குச் சமம் என்று சொல்லும் பயனுறு மாதிரி அளவு 400க்கு மேலேயும் இருக்கவேண்டும். பிரிவுகளுக்கிடையிலான மாறற்றிறன் 0ஐ நெருங்கும் இடத்தில் சங்கிலி உலவவேண்டிய பரப்பு புனல் கழுத்தைப்போல ஒடுங்கும். சங்கிலி அதற்குள் போகாமல் வெளியே சுற்றிவிட்டு, எல்லாம் நலம் என்று காட்டும். பிரிவு விளைவை நேரடியாக எழுதாமல், நியமச் செவ்வன் மாறியைப் பரவற் பரமானத்தால் பெருக்கியதாக எழுதினால் பெரும்பாலும் சரியாகும். ஓட்டத்தை நீட்டிப் பயனில்லை.

மடிக்கணினி போதுமா?

8 ஜிபி நினைவகத்தோடு தொடங்கலாம். தடை வருவது இடஞ்சார் மாதிரியுருக்களில். 10,000 புள்ளிகளின் இணைமாறற்றிறன் தாயத்தில் (ஒவ்வொரு சோடிப் புள்ளிக்கும் ஓர் எண்) 10 கோடி உறுப்புகள். ஒன்றுக்கு 8 பைட் என்றால் 800 எம்பி. புள்ளிகள் 1,00,000 ஆனால் 80 ஜிபி, கணிக்கும் நேரம் 1,000 மடங்கு. வலுவான கணினி வாங்குவதைவிட, ஒவ்வொரு புள்ளியையும் அதன் அண்மை அயலவர் 15 அல்லது 20 பேரோடு மட்டும் தொடர்புபடுத்தும் அண்ணளவாக்கத்துக்குப் போவது மேல். மின்வெட்டை நினைத்து, நீண்ட ஓட்டங்களின் இடைநிலையை மணிக்கொருதரம் வட்டில் எழுதுங்கள். எழுமாற்று எண்களின் விதையையும் குறித்துவையுங்கள், இல்லையென்றால் அதே விடையை மீட்க முடியாது.

சூத்திரம் சரி, ஆனால் விடை 0 அல்லது "எண் அல்ல" என்று வருகிறது. ஏன்?

கணினி எண்களுக்கு அடிமட்டம் உண்டு. ஒவ்வொரு நாளின் நிகழ்தகவும் 0.1 என்று வைத்துப் பெருக்கிக்கொண்டு போனால் 324ஆம் நாளில் பெருக்கம் சரியாக 0 ஆகிவிடும்; அதன் மடக்கை எதிர்க்கணிய முடிவிலி. தொடக்கத்திலிருந்தே மடக்கைகளைக் கூட்டுங்கள். மடக்கையில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை வேண்டுமென்றால், மிகப்பெரியதை முதலில் கழித்து, அடுக்கேற்றிக் கூட்டி, மடக்கை எடுத்து, கழித்ததைத் திரும்பச் சேருங்கள். தாயத்தின் நேர்மாற்றைக் கணிக்கவேண்டாம். சொலெஸ்கி முறையில் முக்கோணத் தாயங்களாகப் பிரித்துச் சமன்பாட்டைத் தீருங்கள்.

மாதிரியுருவின் சரிபார்ப்பில் 95 சதவீதம் சரி என்று வந்தது, வயலில் பொய்த்தது. எங்கே தவறு?

தரவைப் பிரித்த விதத்தில். செய்மதிப் படத்திலிருந்து நெல் விளைச்சலைக் கணிக்கும்போது வயல்களை எழுமாறாகப் பிரித்தால், ஒரே வெளியில் வரம்பு பொதுவாக உள்ள இரு வயல்களில் ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் விழும். மண், தண்ணீர், விதைத்த நாள் எல்லாம் ஒன்று. கணினி பார்த்து எழுதிவிட்டது. முழு நீர்ப்பாசனத் திட்டத்தையே ஒதுக்கிவையுங்கள்: வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் பயிற்றி, இரணைமடுவில் சோதியுங்கள். காலத் தொடர் என்றால் எப்போதும் முந்தியதில் பயிற்றிப் பிந்தியதில் சோதியுங்கள்.

வன்னியிலிருந்தே இதைப் படிக்க முடியுமா?

முடியும். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1இல் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. எந்தப் பாடநெறியானாலும் ஏகபரிமாண அட்சரகணிதமும் நிகழ்தகவும் உறுதியாக இருக்கவேண்டும். ஆர், பைதன் இரண்டும் இலவசம். நரம்பு வலையமைப்பைத் தொட முன் 200 வரியில் ஒரு மெட்ரோபோலிஸ் சங்கிலியைத் தானே எழுதிப் பார்த்தவர் பின்னால் தடுமாறுவது குறைவு.

சிறுபோகக் கூட்டத்தில் கமக்காரருக்கு நிகழ்தகவை எப்படிச் சொல்வது?

அவர்கள் கேட்பது எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது. குளத்தின் மட்டம் அன்றைக்குத் தெரியும். சித்திரைச் சிறுமாரி எவ்வளவு, ஆவியாவது எவ்வளவு என்பது தெரியாது. சராசரித் தண்ணீருக்கு ஏக்கரைத் தீர்மானித்தால் ஏறத்தாழ இரண்டில் ஒரு போகத்தில் கடைசித் தண்ணீர் தட்டுப்படும். இழப்பு இரு பக்கமும் சமமில்லை. விதைக்காமல் விட்ட ஏக்கரில் போவது அதன் இலாபம். விதைத்துக் கருகிய ஏக்கரில் போவது விதை, உரம், உழவுக்கூலி, அதற்கு எடுத்த கடன். பின்னதை முன்னதன் 3 மடங்கு என்று கூட்டம் ஒத்துக்கொண்டால், 1ஐ 1 சக 3ஆல் வகுத்து 0.25 எடுங்கள். செயற்கைப் போகங்களைக் கிடைத்த தண்ணீரின்படி ஏறுவரிசையில் அடுக்கி, அடியிலிருந்து 25ஆவது சதவீதத்தில் உள்ள தண்ணீரை ஒரு ஏக்கரின் தேவையால் வகுத்து வருவதே விதைக்கவேண்டிய ஏக்கர். அப்போது "நாலு போகத்தில் மூன்றில் தண்ணீர் காணும், ஒன்றில் காணாது" என்று வாயால் சொல்லலாம். 3 மடங்கா 5 மடங்கா என்று கமக்காரர் அமைப்பு விவாதிக்கட்டும். அந்த எண்ணைத் தீர்மானிக்கவேண்டியது அவர்கள்தான்.